டாக்டர் வேலை ஒத்துவரவில்லை என்றால்

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, எத்தனை ஏ? அடுத்தது, மருத்துவம் கிடைக்குமா? உள்நாட்டில் இடமில்லை என்றால் இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா என்று கிளம்பிவிடுகிறோம். பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளை டாக்டராவது சின்ன விஷயமில்லை. அந்தப் பெருமையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் டாக்டராகிவிட்ட பிள்ளை, "இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லைப்பா" என்று வந்து நின்றால்?

எனக்குத் தெரிந்த குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. மகள் அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர். இரண்டு பிரிவுகள் முடித்திருந்தாள். "எல்லாருக்கும் தூக்கமில்லாத வேலைதான், பழகிவிடும்" என்றார் அப்பா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. களைப்பும் ஒவ்வாமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். களைத்தவருக்கு நான்கு நாள் விடுப்பு கொடுத்தால் முகம் தெளிந்துவிடும். இந்தப் பெண்ணோ, நிபுணர் எல்லார் முன்னாலும் பாராட்டிய நாளில்கூட, "நாளைக்கும் இங்கே வர வேண்டுமே" என்றுதான் நினைத்தாளாம்.

இங்கே இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்த ஒப்பந்த மருத்துவர்கள், நிரந்தர வேலையும் மேற்படிப்பு வாய்ப்பும் கேட்டவர்கள். அதாவது, இந்தத் தொழிலில் இருக்க விரும்பியவர்கள். அவர்கள் குறை வேறு, இவள் குறை வேறு. எல்லாவற்றையும் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நமக்குச் சுலபம், அவ்வளவுதான்.

விலகுவதென்றால் எப்போது? பயிற்சிக் காலம் 2008 முதல் இரண்டு ஆண்டுகள். அதை முடித்தால்தான் 1971 மருத்துவச் சட்டத்தின்படி முழுப் பதிவு. பாதியில் விட்டால் கையில் பட்டம் இருக்கும், சொந்தமாக வைத்தியம் பார்க்க உரிமை இராது. ஆகவே உடலும் மனமும் இடம் கொடுத்தால், மிச்ச மாதங்களை ஓட்டி முடித்துவிடச் சொல்வதே என் கட்சி. பிறகு மனம் மாறினாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் பிள்ளை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து அழுகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் முழுப் பதிவுபற்றிப் பேசாதீர்கள். முதலில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அவள் முடித்துவிட்டுத்தான் வந்தாள். இப்போது காப்புறுதி நிறுவனம் ஒன்றில் மருத்துவக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறாள். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஐந்து வருஷப் படிப்பு வீணா என்று அத்தைமார் கேட்கிறார்கள். நோயாளியின் கோப்பைப் படித்து, எந்தச் சிகிச்சை ஏன் செய்தார்கள் என்று புரிந்துகொள்வதற்கு அந்தப் படிப்புத்தானே உதவுகிறது? கோயிலில் யாராவது விசாரித்தால் அம்மா மட்டும் இன்னும், "லீவில் இருக்கிறாள்" என்கிறார்.

பணம்தான் உண்மையான சிக்கல். சேமநிதியில் பிள்ளையின் கல்விக்காக எடுத்தது போக, வீட்டின் மேலும் கடன் வாங்கியிருந்தார் அப்பா. இந்த விஷயத்தை நம் வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லவே மாட்டோம், பிள்ளையும் கேட்காது. இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, அதில் மகள் எவ்வளவு கட்டுவாள் என்று எழுதியிருக்கிறார்கள். உபகாரச் சம்பளத்தில் படித்தவர்கள் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சேவைக் காலம் முடியுமுன் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம். தனியார் துறையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டம், தானாக ராஜினாமா செய்தவர்களுக்கு உதவித்தொகை தராது. கடிதம் கொடுக்குமுன் சில மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.