மேஜையைச் சுற்றி நடந்த மூவர்

முதல் நாவல் எழுதுகிறவரைப் போலத் தனிமையில் தவிக்கிறவர்கள் உலகில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது, "எப்போது முடியும்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். முடித்தவுடன், "யார் அச்சுப் போடுவார்கள்?" என்று கேட்கிறார்கள். அச்சாகி வந்த பிறகோ, "எனக்கு ஒரு பிரதி இனாம் உண்டல்லவா?" என்று கேட்கிறார்கள். கதை எப்படிப் போகிறது என்று கேட்பவரைத்தான் காணோம்!

இதற்குப் பரிகாரமாக, மேல்நாடுகளில் இந்நாளில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஒரே வருஷத்தில் முதல் நாவல் வெளியிடுகிறவர்கள் குழுவாகச் சேர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் புத்தகத்தை மற்றவர் படித்து நாலு பேருக்குச் சொல்கிறார். ஒருவருக்குக் கிடைத்த கசப்பான விமரிசனத்தை எல்லோருமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இது புது நாகரிகம் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். 1847-ஆம் வருஷத்திலேயே, இங்கிலாந்தில் யார்க்ஷயர் பிரதேசத்து ஹாவர்த் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியார் வீட்டில் இத்தகைய குழு ஒன்று இருந்தது. அங்கத்தினர் மூவரே: ஷார்லட், எமிலி, ஆன் என்னும் பிராண்ட்டி சகோதரிகள்.

அவர்களுடைய இலக்கியப் பிரவேசம் சுபசகுனத்துடன் ஆரம்பமாகவில்லை. பெண்கள் எழுதியது என்று தெரிந்தால் விமரிசகர்கள் வேறு தராசில் நிறுப்பார்களே என்று அஞ்சி, கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று பெயர் சூட்டிக்கொண்டு, 1846-ல் மூவரும் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார்கள். கைப்பணம் 31 பவுனுக்கு மேல் செலவாயிற்று. ஒரு வருஷத்தில் விற்ற பிரதிகள் எத்தனை தெரியுமா? இருநூறா? இருபதா? இரண்டே இரண்டு!

தனி ஒருவராக இருந்திருந்தால் பேனாவை அடுப்பில் போட்டிருப்பார். இவர்களோ அந்தக் கணக்கு வருவதற்கு முன்பே ஆளுக்கொரு நாவலை எழுதி முடித்திருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தையல் வேலையை எடுத்து வைத்துவிட்டு, மூவரும் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே கதைகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், எழுதிய பகுதியை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவார்கள். கதாநாயகி அழகியாகத்தான் இருக்க வேண்டும் என்பது தவறு என்று ஷார்லட் தங்கைகளுடன் வாதாடினாராம். தம்மைப் போலவே சிறிய உருவமும் சாதாரண முகமும் உள்ள ஒருத்தியை நாயகியாக்கிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டாராம். அந்தச் சவாலில் பிறந்தவள்தான் ஜேன் எயர்.

ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. சகோதரிகள் சொன்ன யோசனைக்காகத் தாம் எழுதியதை மாற்றியது மிக அபூர்வம் என்று ஷார்லட்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் படித்துக் காட்டியதன் பயன் என்ன? அந்தப் பொழுதில் வீட்டுக் கவலைகள் யாவும் மறந்தன. கதையின் மனிதர்கள் மூவருக்கும் சொந்தமானார்கள். எழுதுகிறவருக்குத் திருத்தம் சொல்ல ஆள் கிடைப்பது நல்லதுதான். அடுத்த அத்தியாயம் எங்கே என்று காத்திருக்க ஆள் கிடைப்பது அதனினும் நல்லது.

பிரசுரகர்த்தர்களின் விஷயத்துக்கு வருவோம். எமிலியின் 'உதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே' இரண்டையும் நியூபி என்பவர் ஏற்றுக்கொண்டார். ஆசிரியர்களே 50 பவுன் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை! ஷார்லட்டின் 'புரொபஸர்' யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மறுத்தவரின் விலாசத்தை அடித்துவிட்டு, அதே உறையின் மேல் அடுத்தவர் விலாசத்தை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார் அந்த அம்மையார். ஸ்மித் எல்டர் கம்பெனியாரும் மறுத்தார்கள். ஆனால் மரியாதையாக மறுத்து, வேறு பெரிய நாவல் இருந்தால் பார்க்கிறோம் என்று எழுதினார்கள். 1847 ஆகஸ்டில் 'ஜேன் எயர்' போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் புத்தகமாகி, ஊரெங்கும் பேச்சாயிற்று.

இங்கேதான் உறவுக்குச் சோதனை. முன்னால் ஒப்புக்கொள்ளப்பட்ட தங்கைகளின் நாவல்கள் நியூபியிடம் தூங்கின. அக்காளின் நாவல் முந்திக்கொண்டது. டிசம்பரில் அவை வெளிவந்தபோது, 'உதரிங் ஹைட்ஸ்' முரட்டுக் கதை என்று வைதார்கள். அது 'ஜேன் எயர்' ஆசிரியரின் பழைய, பக்குவமற்ற முயற்சி என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 'ஆக்னஸ் கிரே'யை அதிகம் பேர் கவனிக்கவே இல்லை. மூன்று பெல்களும் ஒருவரே என்ற வதந்தி நியூபியின் வியாபாரத்துக்கு அனுகூலமாயிருந்தது. ஆனின் இரண்டாவது நாவலையே கர்ரர் பெல்லின் புதுப் புத்தகம் என்று அமெரிக்காவுக்கு விற்கப் பார்த்தார்.

அண்டையிலுள்ளவர்களிடம்கூடப் பெயரை மறைத்திருந்த ஷார்லட்டும் ஆனும் அப்போது செய்த காரியம் வியக்கத்தக்கது. 1848 ஜூலையில் ஒரு மாலை, இடிமழையில் நடந்து ரயிலடிக்குப் போய், இரவு முழுவதும் பிரயாணம் செய்து, லண்டனில் ஸ்மித்தின் காரியாலயத்தில் போய் நின்றார்கள். ஒருவர் அல்லர், வெவ்வேறு பேர் என்பதற்குத் தங்களையே சாட்சியாகக் கொண்டு போனார்கள்! தங்கையின் உழைப்பு தம் பெயரில் விலைபோவதை அக்காள் லாபமாக நினைக்கவில்லை.

இவர்களுக்குள் மனஸ்தாபமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சகோதரிகள் மூவர் என்ற ரகசியத்தை லண்டனில் வெளியிட்டதற்காக எமிலி கோபித்துக்கொண்டார். ஆனின் இரண்டாவது நாவலின் விஷயமே ஷார்லட்டுக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் எழுதாதே என்று ஒருவர் மற்றவரைத் தடுத்து நிறுத்தியதில்லை.

பிறகு வந்த காலம் கொடியது. 1848 டிசம்பரில் எமிலி காலமானார். 1849 மே மாதத்தில் ஆனும் போய்விட்டார். பாதியில் நின்ற 'ஷர்லி' என்னும் நாவலை ஷார்லட் தனியே எழுதி முடித்தார். படித்துக் காட்ட யாரும் இல்லை. ஆயினும் இரவு நேரத்தில் அந்த அறையில் நடக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. மூவர் நடந்த இடத்தில் ஒருவர் மட்டும் நடக்கும் காலடி ஓசையைக் கேட்டுத் தம் நெஞ்சு வலிப்பதாக வீட்டுப் பணிப்பெண் சொன்னதை, ஷார்லட்டின் சரித்திரத்தை எழுதிய காஸ்கெல் அம்மையார் 1857-ல் பதிவு செய்திருக்கிறார்.

முதல் நாவல் எழுதும் அன்பர்கள் பெரிய சங்கம் எதுவும் தேட வேண்டியதில்லை. நம் புகழுக்கு மகிழ்ந்து, நம் பிழைக்குச் சண்டை போட்டு, இரவு ஒன்பது மணிக்கு "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்கக்கூடிய இரண்டு பேர் போதும். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிடுவது நல்லது.