கணக்கு ஒன்று, பேச்சு ஒன்று

விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் சண்டை என்று பேச்சு வந்தாலே நாம் கலீலியோவை இழுத்து வந்துவிடுகிறோம். 1633இல் ரோமில் நடந்த அந்த விசாரணை நமக்கு ரொம்ப வசதி. குற்றவாளி அந்நிய தேசத்துத் திருச்சபை. நம் நாட்டில் இப்படியெல்லாம் நடக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இங்கே நடந்தது வேறு.

கிரகணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரன் மீது பூமியின் நிழல் விழுகிறது, அவ்வளவுதான் என்று ஆரியபட்டர் 499லேயே எழுதிவிட்டார். அடுத்து வந்த வராகமிகிரரும் ராகு காரணமில்லை என்றார். இத்தனைக்கும் அவர் ஜோதிடர். அதை எழுதியதும் சகுன பலன்கள் நிறைந்த பிருகத் சம்ஹிதையில்தான்.

628இல் பிரம்மகுப்தர் வருகிறார். பூஜ்யத்தை வைத்துக் கணக்குப் போட விதிகள் வகுத்த மேதை. அப்போது வயது 30. ராகுவை மறுத்த முன்னோர்களை அவர் கடிந்துகொண்டார். வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதமான பேச்சு என்றார். பிரம்மா தந்த வரத்தால் ராகு அந்த நிழலுக்குள் புகுந்துகொள்கிறான் என்று சமரசமும் சொன்னார். ஆனால் கிரகணம் எப்போது, எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட உட்கார்ந்தபோது, ராகுவை விட்டுவிட்டு நிழலின் விட்டத்தைத்தான் அளந்தார்.

நான்கு நூற்றாண்டு கழித்து, 1030 வாக்கில், இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனிக்கு இது உறுத்தியது. இவ்வளவு தெரிந்தவர் மனசாட்சிக்கு விரோதமாக எழுதுவானேன்? சாக்ரடீசுக்கு நேர்ந்தது போன்ற ஏதோ ஒரு கதி அவரை அப்படி எழுத வைத்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஊகம்தான். ஆனாலும் நமக்குப் பழக்கமான ஆளைத்தான் அவர் வர்ணிக்கிறார்.

1980 பிப்ரவரி 16 அன்று, முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க ஹைதராபாத் அருகே விஞ்ஞானிகள் தொலைநோக்கிகளுடன் காத்திருந்தபோது, நகரங்களில் பட்டப்பகலில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. 1995 அக்டோபர் 24 அன்று நிலைமை மாறியிருந்தது. முழு மறைப்பைக் காண ராஜஸ்தானின் நீம் கா தானாவிலும் வங்காளத்தின் டயமண்ட் ஹார்பரிலும் ஜனங்கள் திரண்டார்கள். பயம் போகக்கூடியதுதான்.

பக்தி போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சூரிய கிரகணத்தன்று குருக்ஷேத்திரத்தில் நீராடுவதால் எந்த இயற்பியல் விதியும் உடைந்துவிடாது. நீராடும் நேரத்தைச் சொல்வதே வானவியல்தான். மேக்நாத் சாஹா தலைமையில் 1952இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1957 முதல் அரசே ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் வெளியிடுகிறது. பூசாரிக்கும் விஞ்ஞானிக்கும் ஒரே கணக்கு.

சண்டை வர வேண்டிய இடம் வேறு. கிரகண நேரத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்கிறார்கள். உதடு உருவாவது கருவின் முதல் இரண்டு மாதங்களுக்குள். அது சரியாக ஒட்டாமல் போகப் பரம்பரை, சத்துக்குறைவு, புகைப்பழக்கம், சில மருந்துகள் என்று பல காரணங்கள் உண்டு. அறுவை சிகிச்சையில் சரிசெய்யவும் முடியும். ஆனால் பிள்ளை பெற்றவளிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "அன்றைக்கு நீ என்ன செய்தாய்?"

அந்த வீட்டில் படித்தவர் ஒருவராவது இருப்பார். எஞ்சினியர், வாத்தியார், சில சமயம் டாக்டரே. அவருக்கு உண்மை தெரியும். "பெரியவர்கள் மனசு நோக வேண்டாம், எதற்கு வம்பு" என்று வாயை மூடிக்கொள்வார். பிரம்மகுப்தராவது நிழலைச் சரியாக அளந்து கொடுத்துவிட்டுப் போனார். இவருடைய மௌனத்தால் யாருக்கு என்ன லாபம்? நஷ்டம் மட்டும் அந்தத் தாய்க்கு.

அடுத்த கிரகணத்தன்று குளிப்பவர்கள் குளிக்கட்டும். தகுந்த கண்ணாடி அணிந்து வானத்தைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். கர்ப்பிணியின் சாப்பாட்டுத் தட்டையும் தண்ணீரையும் பறிக்க யாராவது வந்தால், விஷயம் தெரிந்தவர் வாயைத் திறக்கட்டும். அதனால் எந்த மதமும் அழிந்துவிடாது.