களை எடுக்க முடியாத பயிர்

கேள்வி: மகளிர் குழுவாகச் சேர்ந்து தார்ப்பாய்த் தொட்டியில் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கிறோம். மழைக்குப் பிறகு தொட்டி நீர் இளம்பச்சையாகிவிட்டது. துணியில் வடித்தால் பாசி நிற்காமல் பச்சைத் தண்ணீராக இறங்குகிறது. இதைக் காயவைத்து விற்கலாமா?
– தக்கலை வட்டார வாசகி

பதில்: விற்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். தொட்டியில் வேற்றுப்பாசி புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

வயலில் கோரை முளைத்தால் பிடுங்கி எறியலாம். பாசித் தொட்டியில் பயிரும் பாசி, களையும் பாசி. தண்ணீரின் காரத்தன்மைதான் இங்கே வேலி. ஆப்பசோடா கரைந்த, பி.எச். 10-ஐ ஒட்டிய நீரில் சுருள்பாசி செழிக்கும். பெரும்பாலான வேற்றுப்பாசிகள் திணறும். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவில் வளர்ப்பவர்களுக்கும், முற்றத்தில் வளர்ப்பவர்களுக்கும் விதி ஒன்றே.

கன்னிப்பூவுக்கு ஒரு மழை, கும்பப்பூவுக்கு ஒரு மழை என இருமுறை நனையும் மாவட்டம் இது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 20 செ.மீ. நீர் உள்ள தொட்டியில் 1,200 லிட்டர் இருக்கும். லிட்டருக்கு 8 கிராம் ஆப்பசோடா இட்டிருந்தால், 5 செ.மீ. மழை விழுந்ததும் அது 6.4 கிராமாகிவிடும். மேகமூட்டத்தில் சுருள்பாசியின் வளர்ச்சியும் மந்தமாகும். அந்த நேரம் பார்த்துக் குளோரெல்லா என்ற உருண்டைப் பாசி பெருகும்.

அறுவடையும் களைக்கே உதவும். சுருள்பாசி நீள இழை, துணியில் நின்றுவிடும். குளோரெல்லா மிகச் சிறிது. துணியைக் கடந்து, வடிநீரோடு மீண்டும் தொட்டிக்கே போய்விடும். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் பயிர் குறைந்து களை மிஞ்சும்.

கலப்பு இலேசாக இருந்தால்:

• அறுவடையை உடனே நிறுத்தவும்.

• மழை கரைத்த அளவுக்கு ஆப்பசோடா சேர்க்கவும். மேற்சொன்ன தொட்டியில் 5 செ.மீ. மழைக்கு 2.4 கிலோ.

• ஆப்பசோடா இட்டவுடன் பி.எச். உயராது. பாசி வெயிலில் வளர வளரத்தான் ஏறும். 10-ஐத் தாண்டிய பிறகே மீண்டும் வடிக்கவும்.

வாசகி சொல்வதுபோல் பாசியே துணியில் நிற்காவிட்டால், தொட்டியைக் காலி செய்வதே இலாபம். அந்த நீரை வயலிலோ, தென்னந்தடத்திலோ, குளத்திலோ விடக்கூடாது. அதிலுள்ள சோடியம் மண்ணைக் கெடுக்கும். கிணற்றுக்குத் தொலைவில், பயிரில்லாத இடத்தில் குழியெடுத்து விடவும். தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயப்போடவும். நுண்ணோக்கியில் பார்த்துச் சுத்தம் என்று உறுதிசெய்த தாய்ப்பாசியை வாங்கி, அடர்த்தியாக விடவும். புதுக் கரைசலில் பி.எச். குறைவு, அதில் நீர்த்த தாய்ப்பாசி விட்டால் களை முந்திக்கொள்ளும்.

இனி வராமல் தடுக்க, ஒளி புகும் பாலித்தீன் கூரையும் ஓரங்களில் கொசுவலையும் போதும். வலை இல்லாவிட்டால் ஈ, கொசுக்களின் புழுக்களும் தொட்டியில் பெருகும். சாணக் கரைசல், குளத்துநீர் இரண்டும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

குளத்துப் பாசிகளில் நஞ்சு சுரப்பவையும் உண்டு. கண்ணால் பார்த்து அவற்றைப் பிரித்தறிய முடியாது. மாதம் ஒருமுறை ஒரு குப்பி நீரை அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வது நல்லது. ஒரு தொட்டிப் பாசி போனால் அடுத்த மாதம் எடுத்துவிடலாம். வாங்கி உண்டவர் வீட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு ஆகாமல் போனால், குழுவின் பெயரை மீட்க முடியாது.