இளைத்தவனுக்கு எள்ளு கிடைக்கிறதா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. எள்ளின் அருமை பெருமைகளைப் பேச முற்படும் எவரும் இதனைத்தான் முதலில் சொல்வர். ஆனால், இளைத்தவன் யார், அவனுக்கு எள்ளு கிடைக்கிறதா என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. பதுளை மாவட்டத்தின் தென்விளிம்பில் உள்ள ஹல்துமுல்லைதான் அது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதையுண்டபோது இப்பிரதேசத்தின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. மலை சரிந்தால் அது செய்தியாகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் உயரம் குன்றி வளர்வது செய்தியாவதில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்திலோ ஏறத்தாழ 32 சதவீதம்.

இதிலே ஒரு முரண் உண்டு. பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தை வழியாக இறங்கினால் வெல்லவாய. அங்கிருந்து மொனராகலை மாவட்டத்தின் வெப்பமான சமவெளி விரிகிறது. இலங்கையில் எள் பயிராகும் உலர் வலயப் பிரதேசங்களுள் அதுவும் ஒன்று. சிறுபோகத்தில் விதைத்தால் மண்ணிலே எஞ்சிய ஈரத்தைக் கொண்டே ஏறத்தாழ மூன்று மாதங்களில் விளைந்துவிடும். நீர் தேங்கினால் அழுகிப்போகும் பயிராதலால், மழையும் குளிரும் மிகுந்த மலைத்தோட்டத்துக்கு அது ஒவ்வாது. ஆகவே லயத்து மக்கள் எள்ளை விலைக்கு வாங்கியே உண்ண வேண்டும். புஞ்சை நிலத்தில் எள் விதைத்த தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு, ஒரே மாகாணத்துக்குள் விளையும் எள் எட்டாப் பொருளாகிவிட்டது.

தோட்டங்களிலே எள் அறவே அறியப்படாததன்று. பெண்பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுப்பார்கள். சனிக்கிழமையிலே கோயிலில் எள் எண்ணெய் எரிப்பார்கள். நீத்தாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். ஆனால், அன்றாடத் தட்டிலே இருப்பது கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத் தேநீருமே.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். நல்லெண்ணெய் எலும்பை உறுதியாக்கும் என்று பலர் நம்புகின்றனர். எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அது உடலுக்குச் சக்தி தரும். சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் புரதமும் எண்ணெயோடு வருவதில்லை. அவை பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. அதாவது, அச்சத்துகள் மாட்டுக்குப் போகின்றன. தோல் நீக்காத முழு எள் 100 கிராமில் ஏறத்தாழ 975 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 14 மில்லிகிராம் இரும்பும், 18 கிராம் புரதமும் உண்டு. தோலை நீக்கினால் சுண்ணாம்புச் சத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆகவே எள்ளை முழுதாக வறுத்து இடித்து உண்பதே பயன் தரும்.

இதனை அற்புத மருந்தாக்கிவிடவும் கூடாது. எள்ளிலுள்ள ஒக்சலேற்றும் பைற்றேற்றும் அச்சத்துகள் முழுவதையும் உடல் ஏற்க விடுவதில்லை. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பை உடல் ஏற்பது மேலும் குறையும். உலகுக்கே தேயிலை தரும் பெண்ணின் இரத்தச் சோகைக்கு, ரொட்டியோடு அவள் குடிக்கும் சாயமும் ஒரு காரணமாவது கொடுமை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடிப்பதும், சம்பலிலே தேசிக்காய் பிழிவதும் செலவில்லாத பரிகாரங்கள். எள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்கா 2023 முதல் உணவுப் பொதிகளில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருளாக்கியுள்ளது.

செய்யக்கூடியது என்ன? கர்ப்பிணித் தாய்மாருக்குச் சோளம், சோயாவில் செய்த திரிபோஷா வழங்கும் வழக்கம் 1973 முதல் இந்நாட்டில் உண்டு. எனவே, அரசு சத்துணவு வழங்குவது புதிய எண்ணமன்று. பிள்ளைக்காம்பரா என்று மக்கள் அழைக்கும் சிறுவர் நிலையங்களில், மொனராகலை விவசாயியிடம் நேரே வாங்கிய எள்ளைச் சர்க்கரையோடு இடித்து, பிள்ளைக்குத் தினமும் ஒரு சிறு உருண்டை கொடுக்கலாம். 15 கிராம் எள்ளிலே ஏறத்தாழ 145 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்காதபடி பொடியாக்கிக் கஞ்சியிலே கலந்து கொடுக்க வேண்டும். சமவெளி விவசாயிக்குச் சந்தை, மலைப் பிள்ளைக்குச் சத்து.

எள் மலிவான பொருளன்று. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி அவர் வீட்டு அடுப்பை எரிக்கவே போதாதிருக்கும்போது, 'எள்ளுச் சாப்பிடுங்கள்' என்று அறிவுரை சொல்வது நமது வாய்க்கு எளிது. எனவே அறிவுரையைத் தாய்மாரிடம் சொல்லுமுன், செலவை ஏற்கும்படி தோட்ட நிர்வாகங்களிடமும் அரசிடமும் கேட்போம். மலையகத்து இரு நூற்றாண்டு வாழ்வை 2023இல் மேடை போட்டு நினைவுகூர்ந்த நமது அரசியல்வாதிகள், பிள்ளைக்காம்பராவின் உணவுப் பட்டியலையும் ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும்.