"அன்னிக்கே அரிக்கலையே?" என்று கேட்பவர்களுக்கு...

எண்ணூர் பக்கம் யாருக்காவது தோலில் தடிப்பு வந்தால் உடனே ஒரு கேள்வி கிளம்பும். "எண்ணெயைத் தொட்ட அன்னிக்கு ஒண்ணும் ஆகலையே, இது வேற ஏதாவதா இருக்கும்!" சிமெண்ட் கலக்கும் ஆள் என்றால், "இருபது வருஷமா இதே வேலைதானே, இப்ப மட்டும் என்ன புதுசா?"

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டுமே தப்பு!

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதையும் மீனவர்களே படகில் போய் வழித்தெடுத்தார்கள். பலருக்கு அரிப்பு, எரிச்சல்.

இப்போது உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இறால் சாப்பிட்டதும் சிலருக்கு உடனே தடித்துப் போகிறதே, அது ஆன்டிபாடியின் வேலை. தாமதமாக வரும் அலர்ஜி வேறு ரகம். குரோமியம், நிக்கல் போன்ற சின்னச் சின்னப் பொருட்கள் தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தோலின் காவல் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிப் போய் டி செல்களிடம் காட்டும். டி செல்கள் பாடம் படித்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். சிலருக்கு இந்தப் பாடம் பல வருஷப் பழக்கத்துக்குப் பிறகுதான் தொடங்கும். அடுத்த முறை அதே பொருள் பட்டால் டி செல்கள் திரண்டு வர ஒன்று முதல் மூன்று நாள். அப்புறம்தான் கொப்புளம்! இதில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லாததால், மெடிக்கல் ஷாப் சிட்ரிசின் மாத்திரையும் அவ்வளவாக உதவாது.

எண்ணெய் பட்டு வரும் எல்லாமே அலர்ஜி இல்லை என்பதும் உண்மை. பெரும்பாலும் அது தோலை நேரடியாகப் புண்ணாக்கும் எரிச்சல்தான். எது எது என்று பிரிக்க பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. 1895-லேயே யாடசோன் காட்டிய வழி. முதுகில் 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்ததும் ஒரு தடவை, ஓரிரு நாள் கழித்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஒரே நாள் மருத்துவ முகாமில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிமெண்ட் கதை இன்னும் கொடுமை. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம்தான் வில்லன். கொஞ்சம் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்தால் அடங்கிவிடும். டென்மார்க் 1980களிலேயே கலந்தது. ஐரோப்பிய யூனியன் 2005-ல் 2 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கை வெடித்தால் இங்கே கிடைப்பது தேங்காய் எண்ணெய் யோசனை.

தாமதம்தான் இந்த நோயின் அடையாளமே. அதையே காரணம் காட்டி "சம்பந்தமில்லை" என்று கைகழுவுவது என்ன நியாயம்? எண்ணெய் கொட்டிய மறுநாள் முகாம் போட்டுப் போட்டோ எடுப்பவர்கள், நான்காம் நாளும் அதே குப்பத்துக்கு வந்து அதே கைகளைப் பார்க்கட்டும். அப்புறம் சொல்லட்டும், ஒன்றுமில்லை என்று!