ஓடினானா, பெருக்கினானா?

பள்ளிக்கூடத்தில் தினசரி உடற்பயிற்சி நடத்தினால் பிள்ளைகளின் இதயம் வலுப்படும் என்கிறார்கள். 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் சொல்லிவிட்டது. இங்கே 2019-இல் 'ஃபிட் இந்தியா' வந்தது. எடை, உயரம், 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், தண்டால் எல்லாவற்றுக்கும் கணக்கு.

நல்லது. ஆனால் அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 44 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பள்ளிப் பயிற்சியால் மூச்சுத் திறன் கொஞ்சம் கூடுகிறது. இரத்த அழுத்தத்தில் பெரிய மாற்றமில்லை. அந்த ஆய்வுகளும் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் நடந்தவை. நம்ம சேரிப் பிள்ளையின் நாடியை அங்கே எவனும் பிடித்துப் பார்க்கவில்லை.

சேரிக்குள் இதய நோய் வேறு வாசல் வழியாக வருகிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிற வீட்டில் தொண்டைப்புண் ஒருத்தர்கிட்டேயிருந்து இன்னொருத்தருக்குத் தாவும். கவனிக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுக்கும். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மூன்று நான்கு வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி, 600 மீட்டர் ஓட்டமல்ல. அப்புறம் சோகை. இரத்தம் குறைந்த பிள்ளைக்கு உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஓட்டத்தில் பின்தங்கினால் 'சோம்பேறி' என்று எழுதுவார்கள். (நம்மைச் சோம்பேறி என்பவர்கள், நாம் நட்ட நெல்லைத் தின்றே வளர்ந்தவர்கள்!)

மதிப்பீடு என்றாலே எனக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுதான் ஞாபகம் வருகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டிய குடவோலைச் சாசனம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து 'ஜனநாயகம்' என்று காட்டுகிறார்கள். அந்தப் பிராமணச் சபைக்குப் போகத் தகுதி என்ன? கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம். நாற்று நட்டவர்களுக்கு அதில் இடமே கிடையாது. வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்குத் தெரியும்: பத்தி போடாதது பேரேட்டில் ஏறாது.

உடற்பயிற்சித் தாளிலும் சில பத்திகள் இல்லை. பி.டி. பீரியட் நிஜமாகவே நடந்ததா, கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டாரா? வயசுக்கு வந்த பெண்பிள்ளை மைதானத்தில் இறங்கினாளா? மற்றவர்கள் பந்தாடும்போது யார் கையில் துடைப்பம்? கற்பனையில்லை தோழர்களே. 2022-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே அரசுப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் தலைமையாசிரியை கைதானார். குனிந்து தேய்ப்பதும் உடலசைவுதான். அதற்கு என்ன மதிப்பெண்?

2009 கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பள்ளிக்கும் மைதானம் என்கிறது. உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் மட்டும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் சேர்ந்தால்தான். காலனிப் பள்ளி நூறு பேருக்கு எங்கே போகும்?

தினசரிப் பயிற்சி வேண்டாம் என்பதல்ல என் வாதம். நம்ம பிள்ளைங்க ஓடணும், ஊர்ப் பிள்ளைங்களோடு ஒரே மைதானத்தில் ஓடணும். அதற்கு முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும், இரத்தம் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பார்க்க வேண்டிய நோய்களில் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. அந்தச் சீட்டையும் ஓட்டக் கணக்கையும் ஒரே தாளில் எழுதச் சொல்வோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் நம் தாய்மார்கள் எழுந்து கேட்கட்டும்: போன வாரம் எத்தனை நாள் பீரியட் நடந்துச்சு சார், எம்புள்ள ஓடுனானா, பெருக்குனானா?