ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாக இருக்கலாமா?

மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பணியாற்றினார். அவரிடம் பயின்றவர்கள் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கரும் சிற்பி தனபாலும். தனபாலின் மாணவர் ஓவியர் ஆதிமூலம்.

இந்த மூன்று தலைமுறையின் படைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ராய் சவுத்ரியின் சிலையில் உழைப்பவனின் தசை புடைத்து நிற்கிறது. பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் ஜாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் எழுத்துகளும் நிரம்பியிருக்கின்றன. ஆதிமூலத்தின் காந்தியோ கறுப்புக் கோடுகளிலிருந்து எழுந்து வருகிறார். ஒருவர் சாயல் இன்னொருவரிடம் இல்லை. நல்ல ஓவிய ஆசிரியர் தன் பாணியைக் கையளிப்பதில்லை. மாணவர் தன் கண்ணை நம்பும் துணிச்சலைத் தருகிறார்.

பின்னர் அதே ஓவியப் பள்ளியில் ஆசிரியரான பணிக்கர் இன்னும் ஒருபடி மேலே போனார். படித்து முடிக்கும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார்களே என்பது அவர் கவலை. பாத்திக் துணிகள் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்க வழிகாட்டினார். அந்த வருமானத்தில் ஓவியர்களே சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியர்கள் அங்கே குடியிருந்து, வரைந்து, விற்றுப் பிழைத்தார்கள்.

அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவர் கே.ராமானுஜம். அவருக்குப் பேச்சுத் தடுமாற்றம் இருந்தது. மனநலச் சிக்கலும் இருந்தது. வேறு இடமாக இருந்தால் ‘எதற்கும் லாயக்கில்லை’ என்று ஒதுக்கியிருப்பார்கள். பணிக்கர் அவருடைய கோடுகளைப் பார்த்தார், ஊக்குவித்தார். விசித்திர மாளிகைகளும் பறக்கும் உருவங்களும் நிறைந்த ஓர் உலகம் மசிக்கோடுகளில் பிறந்தது. 1973இல் 33 வயதிலேயே ராமானுஜம் தன் வாழ்வை முடித்துக்கொண்டார். ஆசிரியரின் அரவணைப்பால் எல்லாத் துயரையும் விலக்கிவிட முடியாதுதான். ஆனால், அது இல்லாமல் அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஓவியப் பள்ளியில் கிடைத்த இந்த ஊக்கம், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கிடைக்கிறதா? பல வகுப்பறைகளில் இன்றும் கரும்பலகையில் ஒரு படம் ஏறுகிறது: இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, தென்னை மரம். நாற்பது பிள்ளைகளும் அதையே நோட்டில் வரைகிறார்கள். மலையே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளையும் அதே மலையை வரைகிறது. தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையும் கணக்கு ஆசிரியர் கைக்குப் போய்விடும்.

இதற்கு ஆசிரியரைக் குறைசொல்லிப் பயனில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக் கல்விக்குப் பயிற்றுநர் என்கிறது. அவரும் பகுதிநேரப் பயிற்றுநர். 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, வாரம் மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் ஊதியம். பிறகு தொகை உயர்ந்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் ஓயவில்லை. ஓவியத்தில் லோயர், ஹையர் தேர்வெல்லாம் எழுதித் தகுதிபெற்று வந்தவர், தன் குடும்பச் செலவுக்கே வேறு வேலை தேடினால், பின் பெஞ்சில் பேசாமல் கிறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை எப்போது கவனிப்பார்?

ஓவிய ஆசிரியரின் தாக்கம் பழக்கத்தில் பிறப்பது. ஒரு பிள்ளையின் கோடு ஆறாம் வகுப்பில் எப்படி இருந்தது, எட்டாம் வகுப்பில் எங்கே வந்திருக்கிறது என்று அறிந்தவரால்தான் ‘இது உன்னுடைய கோடு, விட்டுவிடாதே’ என்று சொல்ல முடியும். எல்லாரும் ஓவியர் ஆகப்போவதில்லை. ஆனால், தான் பார்த்ததைத் தன் விதத்தில் சொல்லலாம் என்று ஒருமுறை அறிந்த பிள்ளை, எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தத் தன்னம்பிக்கையோடு போகும்.

எனவே, நடுநிலைப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். சிறிய பள்ளிகளாக இருந்தால் இரண்டு மூன்றுக்கு ஒருவராவது நிரந்தரமாக வேண்டும். ஓவியப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்பதைத் தலைமையாசிரியர்கள் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். பணிக்கரையும் தனபாலையும் விழா எடுத்துப் போற்றுவதைவிட, அவர்களைப் போன்ற ஆசிரியர்கள் நிலைத்து நிற்க வழிசெய்வதே அரசு அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.